உன் புத்தகத்தில் இறந்துபோன அப்பா எழுதுவது

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் நலமாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து உடம்பில் ஒரு நடுக்கம். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பார்த்தேன், அது இல்லை. போனில் பேசியிருக்கலாம். நாலு தடவை உன் நம்பரை எடுத்துவிட்டு அழுத்தாமலே வைத்துவிட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய். அதைக் கேட்டதும் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அங்கே மழையா, பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ அமைதியான பிள்ளை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு என்று இப்போது தெரிந்துவிட்டது.

ரேஷன் கடையில் என் விரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லை. பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் மண்ணிலும் சூட்டிலும் கிடந்த கை, ரேகை எங்கே இருக்கும்? ஆதார் நகல் கொண்டுவரச் சொன்னார்கள். அதைத் தேடித்தான் பீரோவைத் திறந்தேன். உன் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் ஒரு பையன், கையில் சாப்பாட்டுத் தட்டு. கீழே உன் பெயர். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாத்தியார் வேலைக்கு நடுவில் ஏதோ கதை எழுதுகிறான் என்று உன் தங்கை செல்வி சொல்லியிருந்தாள். இப்படிப் புத்தகமாகக் கையில் தூக்குகிற மாதிரி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "அப்பாவுக்கு." அதைத் தடவிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். கூப்பிடாமல் இருந்தது நல்லது.

பக்கத்தைத் திருப்பினேன். உன் கதை இப்படித் தொடங்குகிறது: "வேலுவின் அப்பா ஒரு திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் இறந்துபோனார். அவர் இறந்த செய்தி அவருக்கே தெரியாது. ஏனென்றால், அவரைச் சாகடித்தது வேலு சொன்ன ஒரு வாக்கியம்தான்."

முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை படித்தேன். வகுப்பில் டீச்சர் கேட்கிறார்: "வேலு, உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னேனே, ஏன் வரல?" பையன் எழுந்து நிற்கிறான். "எங்கப்பா செத்துட்டாரு டீச்சர்" என்கிறான். பின்பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். டீச்சர் வந்து அவனை அணைத்துக்கொள்கிறார். அப்பா ஊரைவிட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். ஐந்தாம் வகுப்பு. பீங்கான் கம்பெனி மூடிக்கிடக்கிற ஊர். நாலு வயதுத் தங்கை. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் அம்மா. வேலு யார் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் அம்மா உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தோடு போய் நின்றேன். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத ஏன் எடுத்தீங்க?"

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசமாச்சு. செல்விகிட்ட குடுத்து அனுப்பினான். நீங்க படிச்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

"நான் செத்துட்டேன்னு ஸ்கூல்ல சொன்னானா இவன்? நெஜமாவே சொன்னானா?"

அவள் புளிச்சக்கையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சொன்னான். மறுநாளே டீச்சரம்மா துக்கம் கேக்க வூட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க தெருமொனையில வரும்போதே இவன் மூச்சு வாங்க ஓடியாந்து, 'எம்மா, அப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டேம்மா, டீச்சர் வராங்க'ன்னான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. புள்ள பொய் சொன்னான்னு ஆயிட்டா மறுபடி அந்த ஸ்கூலுக்கு எப்புடிப் போவான்? பொட்ட அழிச்சிட்டு, தாலிய ரவிக்கைக்குள்ள போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன்."

சரவணா, நான் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்போதே என் மனைவி நெற்றியை அழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். இவளும் அழுதாளாம். "நடிச்சு அழல. அழுக நெஜமாவே வந்துச்சு" என்றாள். டீச்சர் தெருவைத் தாண்டியதும் மறுபடி பொட்டு வைத்துக்கொண்டாளாம். வைக்கும்போது நீ பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாயாம். உன் புத்தகத்தில் டீச்சர் வீட்டுக்கு வருவதே இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் எழுதிய நீ அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். ஏன் என்று எனக்குப் புரிகிறது. அது உன் அம்மாவின் சொத்து. குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் போட உனக்கு மனம் வரவில்லை.

மறுபடி வாசலுக்கு வந்து படித்தேன். பதினொரு மணி வெயில் காலில் விழுந்தது, நாற்காலியை நகர்த்தத் தோன்றவில்லை. நான் இல்லாத அந்த ஏழு மாதத்தில் நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நான் உங்களில் ஒருவரையும் கேட்டதில்லை. உயிரோடு இருந்தீர்கள், அதனால் சாப்பிட்டிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். உன் புத்தகம்தான் எனக்குச் சொன்னது. கொட்டையை உடைத்து உடைத்து அம்மாவின் கை முந்திரி எண்ணெயில் வெந்து கறுத்துப்போக, அந்தக் கையால் ஊட்டினால் தங்கை வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுகிறாள். அதனால் வேலுதான் தினமும் தங்கைக்கு ஊட்டுகிறான். ஊட்டி முடித்துத் தட்டை வழித்துத் தின்பதுதான் அவனுடைய சாப்பாடு. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பாதியைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். ஆயா பார்த்துவிடுகிறார். திட்டப்போகிறார் என்று அவன் நடுங்கும்போது, இன்னொரு கரண்டி போட்டு மூடிக் கொடுக்கிறார். அப்பா இல்லாத பிள்ளை என்று. "அப்பாவைக் கொன்று வாங்கிய சோறு" என்று ஒரு வரி. பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் இப்படி ஒரு வரியை எப்படி எழுதினாய்? நீ அந்த வரியைப் பத்து வயதில் தின்றவன், அதனால்தான் எழுத முடிந்தது.

பிறகு, அப்பா திரும்பி வருகிறார். அங்கே நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். வந்துவிட்டானே, இனி நல்லதாகத்தான் இருக்கும் என்று என்னை அறியாமலே ஒரு வாசகனைப் போல நினைத்தேன். ஆனால், வேலு சந்தோஷப்படவில்லை. செத்துப்போனவர் தெருவில் நடக்கிறார். டீச்சர் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? அப்பாவைக் கடைத்தெருவுக்குப் போகவிடாமல் ஏதாவது சாக்கு சொல்கிறான். ஒரு நாள் மதியம் பெரிய மழை. வேலைக்குப் போட்ட டவுசரோடு, உடம்பெல்லாம் வெள்ளை மண்ணோடு, அப்பா குடை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்கிறார். டீச்சர் "யாருப்பா அது?" என்று கேட்கிறார். வேலு "எங்க பெரியப்பா டீச்சர்" என்கிறான்.

அந்த மழை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல் என் காதில் விழுந்தது. கம்பெனியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என் அழுக்கைப் பார்த்து என் பிள்ளை வெட்கப்படுகிறான், அப்பன் என்று சொல்லிக்கொள்ளக்கூட நான் லாயக்கில்லை என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன்னை என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். அடுப்புக்கு வைத்திருந்த சவுக்குக் குச்சி முறிகிற வரைக்கும் அடித்தேன். "ஏண்டா, நான் உனக்குப் பெரியப்பனா? சொல்லுடா, நான் யாருடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா குறுக்கே வந்து விழுந்தாள். அவளுக்கும் ஓர் அடி விழுந்தது. அவள் அப்போதும் சொல்லவில்லை, 'நீங்கள் செத்தவர், அதனால்தான் அப்படிச் சொன்னான்' என்று. சொல்லியிருந்தால் நான் உன்னைக் கொன்றிருப்பேன் என்று பயந்திருக்கிறாள். உன் புத்தகத்தில் அந்த இடத்தில் இப்படி ஒரு வரி: "வேலு அழவில்லை, செத்துப்போனவர் அடித்தால் வலிக்காது."

புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி திறக்க அரை மணி நேரம் ஆனது. அப்போதுகூட எனக்குள் ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான், கான்ட்ராக்டர் ஏமாற்றியதால் காசு அனுப்ப முடியவில்லை, அதற்கு ஒரு பிள்ளை இப்படியா சொல்லுவான் என்று. திரும்பி வந்தபோது நான் சொன்ன பொய்யை நானே நம்பிக்கொண்டு உன்மேல் கோபப்பட்டேன், பார். அந்தக் கோபத்தோடுதான் கடைசி அத்தியாயத்தைத் திருப்பினேன். வேலு ஏன் அந்த வாக்கியத்தைச் சொன்னான் என்பதை நீ அங்கேதான் வைத்திருக்கிறாய்.

அம்மாவும் வேலுவும் தங்கையும் மாமா ஊருக்குக் கம்பு கேட்டு வாங்கப் போகிறார்கள். வேப்பூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். ரோட்டோரப் புளியமரத்து நிழல். தங்கைக்குக் காய்ச்சல், அம்மா மடியில் தூங்குகிறாள். வேலு தண்ணீர் கேட்டு எதிரிலிருக்கும் ஓட்டலுக்குள் போகிறான். பின்பக்கம் ஒருவன் துண்டைக் கட்டிக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருக்கிறான். பையன் "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றதும், அவன் சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். பரோட்டா போடுகிறவர்தான் தண்ணீர் மொண்டு தருகிறார். திரும்பி நின்றவனின் இடது முழங்கைக்கு மேல் சூளை சுட்ட தழும்பு. வேலு சிறு வயதில் எத்தனையோ முறை தொட்டுப் பார்த்த தழும்பு. "முகத்தைத் திருப்பியவர் கையைத் திருப்ப மறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய்.

தண்ணீரோடு வேலு திரும்பி வருகிறான். "உள்ள யாருடா இருந்தாங்க?" என்று அம்மா சும்மா கேட்கிறாள். "யாரும் இல்லம்மா" என்கிறான். அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் அப்பா இறந்துபோனார் என்று கதை முடிகிறது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தெருவில் போன ஆட்டோவின் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. இத்தனை வருஷமாக உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் அது தெரியும், அது நான்தான் என்று இருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை என்று இருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக்கே வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். செல்வி கேரளாக் கதை சொல்லச் சொல்லி நச்சரிப்பாள். லாரிக்காரர்கள் வாயால் கேட்டதையெல்லாம் நான் பார்த்ததாகச் சொல்லுவேன். காயலில் படகு, ஓட்டு வீடு, நிற்காத மழை. நீ ஒரு மூலையில் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருப்பாய். ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. படிப்பில் கவனம் என்று பெருமைப்பட்டேன்.

இப்போது நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நீ தழும்பைத்தான் பார்த்தாய், மற்றது உனக்குத் தெரியாது. கம்பெனி மூடி மூன்று மாதமாக வேலை இல்லை. ஒரு நாள் காலையில் உன் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றினாள். நீ உன் தட்டிலிருந்து கொஞ்சத்தை என் தட்டில் ஊற்றிவிட்டு, "எனக்குப் போதும்பா" என்றாய். மனசு நிறைந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அவமானமாக இருந்தது. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான் என்று இருந்தது. அன்றே சேலத்துக்குப் போய் வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேப்பூரில் இறங்கினேன், சேலத்துக்குப் போகிற தைரியம் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஓட்டலில் தட்டு கழுவ ஆள் கேட்டார்கள், நின்றுவிட்டேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஏழு மாதம் இருந்தேன், சரவணா. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன். கொடுத்த கூலியைக் குடித்தேன். ஒரு வாய் குறைந்தால் உங்கள் மூன்று பேருக்கும் கூடக் கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடினேன். அவ்வளவுதான். விருத்தாசலத்தில் மறுபடி சூளை பற்றவைத்துவிட்டார்கள், பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தேன். வேலை இருந்தது, அதனால் அப்பனாக வந்தேன். வேலை இல்லாதபோது எனக்கு அப்பனாக இருக்கத் தெரியவில்லை.

நீ தண்ணீர் கேட்டபோது உன் குரல் எனக்கு உடனே தெரிந்தது. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே பார்த்துவிட்டேன். ஓட்டலின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வியின் தலை உன் அம்மாவின் கையிலிருந்து நழுவி நழுவி விழுவதைப் பார்த்தேன். நீ காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்திருந்தாய். அதைப் பார்த்தும்கூட நான் வெளியே வரவில்லை.

இரண்டு மணிக்கு உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்து, "கதைதானங்க, வுடுங்க. கொஞ்சம் நெஜம், கொஞ்சம் இட்டுக்கட்டுனது. அந்த ஓட்டல் சமாச்சாரமெல்லாம் அவனா எழுதுனதுதான" என்றாள். அவள் இரண்டு மாதம் முன்பே படித்திருக்கிறாள், எனக்கு வலிக்கக் கூடாதென்று ஒளித்தும் வைத்திருக்கிறாள். அப்படியும் அந்த ஆள் நான்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பற்றி அப்படி நினைக்க அவளால் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம். ஆனால், பொட்டை அழித்துக்கொண்டு வாசலில் நின்ற கதையை அவள் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"அது இட்டுக்கட்டுனது இல்ல. அங்க நின்னது நான்தான்" என்றேன்.

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. "எங்க?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்ளோ நேரம் அந்த மரத்தடியில உக்காந்திருந்தோம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவ்ளோ நேரமும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா."

எழுந்தாள். இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். "செல்வி வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். நாற்பது வருஷப் பழக்கம், அந்த நேரத்திலும் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் நடந்தேன். அவள் திரும்பவே இல்லை. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

மேலே இருப்பதெல்லாம் புதன்கிழமை எழுதியது. அதற்குப் பிறகு மூன்று நாள் இந்தத் தாளைத் தொடவில்லை. செல்விக்குப் போன் செய்தேன். "அம்மா பேசவே மாட்டேங்குதுப்பா. வெறுமன நடவு பாத்துக்கிட்டு வரப்புல உக்காந்திருக்குது. என்னாப்பா ஆச்சு?" என்றாள். அவளுக்கும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "அப்ப கேரளா?" என்று கேட்டாள். முப்பதைத் தாண்டிய வயதில் சொந்தக் குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் படகுக் கதையைச் சொல்லியிருக்கிறாள் போல. "பொய்ம்மா" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

தனியாக இருந்த அந்த மூன்று நாளில் உன் புத்தகத்தை இன்னும் இரண்டு முறை படித்தேன். எனக்கு அதிர்ச்சி தீரவில்லை. ஆனால், வேறொன்று கண்ணில் பட்டது. நீ எங்கேயும் என்னைக் கெட்டவன் என்று எழுதவில்லை. அடித்த இடத்தில்கூட அப்பாவின் கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய். குடித்தார் என்று எழுதவில்லை, அது உனக்குத் தெரியாமலும் இருக்கலாம். இப்போது தெரிந்துவிட்டது. மறுபதிப்பு வந்தால் எழுதிக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால், இதை எனக்குத் தவிர வேறு யாரும் உனக்குச் சொல்ல முடியாது, அதனால் சொல்கிறேன். உனக்கும் ஒரு நாள் கை காலியாகும். வேலை போகலாம், உடம்பு விழலாம், நம்பியவன் கைவிடலாம். அப்போது எங்கேயும் போகாதே. வெறுங்கையோடு வீட்டுக்குப் போ. பாப்பா முன்னால் போய் உட்கார். அவள் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்கித் தின்னு. பிள்ளை கொடுப்பதைத் தின்பது கேவலம் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பால் உன்னை நாலு மாதத்தில் கிழவனாக்கினேன். வறுமை உங்களை ஒன்றும் செய்திருக்காது, சரவணா. நாலு பேராகப் பசித்திருந்தால் அது பசியாக மட்டும் இருந்திருக்கும். நீ எழுதுகிற கதைகளைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல். வேலையில்லாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் உட்காரச் சொல். அவன் எரிந்து விழுவான். விழுந்தாலும் உட்காரச் சொல்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு உன் அம்மா வந்துவிட்டாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "என்னா ஆக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் இருந்தது, குழம்பில் உப்பு அதிகம். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு எழுதுனீங்களா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அஞ்சு நாளா ஒண்ணே ஒண்ணுதாங்க எனக்கு ஓடுது. அன்னிக்கு நீங்க எங்க பக்கம் திரும்பி இருந்தா நாங்க என்னா பண்ணியிருப்போம்னு நெனைச்சீங்க? அடிச்சிருப்போமா? காறித் துப்பியிருப்போமா?" அவள் குரல் உடைந்தது. "வாங்க வூட்டுக்குப் போலாம்னு கூப்ட்டிருப்போம். அம்புட்டுதான். அதுக்கா பயந்தீங்க?"

மன்னித்துவிட்டாளா என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள், அது எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னை அடித்ததற்கும் அன்று உன் பக்கம் திரும்பாததற்கும் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் மன்னிப்புக் கேட்க வேண்டும், தாளில் கேட்டால் போதாது. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், உன் அம்மாவும் வருகிறாள். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். வந்ததும் என்னைத் திட்டு. பத்து வயதிலிருந்து நீ கேட்காமல் வைத்திருக்கிற கேள்வியெல்லாம் கேள். நான் மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

பாப்பா உன் புத்தகத்தைப் படித்துவிட்டாள் என்று செல்வி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். தட்டு கழுவுகிறவர் ஏன் திரும்பவில்லை என்று அவள் உன்னைக் கேட்டாளாம். நீ, தெரியலம்மா என்று சொன்னாயாம். உனக்கு நிஜமாகவே தெரியாது, நீ என்ன செய்வாய்? இனி கேட்டால், நீ பதில் தேட வேண்டாம். தாத்தாவைக் கேள் என்று சொல். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, நானே சொல்கிறேன்.

உயிரோடு இருக்கும்
உன் அப்பா